கொரிடோருக்கு வந்த கதிரை

என் சமையலறை மேசையைச் சுற்றி நிற்கும் கதிரைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராது. மேசையோடு வாங்கியவை மரத்தில் செய்தவை, அடக்கமானவை. இது நீலத் துணி போட்ட அலுவலகக் கதிரை. கலியாண வீட்டுக்கு வேலை உடுப்போடு வந்துவிட்ட ஆள் மாதிரி நிற்கும். வலது கை ஆடும். வருகிறவர்கள் இதை விட்டுவிட்டு மரக் கதிரையாகத் தேடி அதில் இருப்பார்கள். மகள் இதை எறியச் சொல்லி நெடுநாளாக என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். "அம்மா, பழஞ்சாமான் எடுக்கிற சரிட்டிக் கடைக்காரர் கூட இதை வேண்டாம் எண்டுவினம்" என்பாள். அவர்களுக்குக் கொடுக்க எனக்கும் எண்ணமில்லை. கையைச் சரி செய்து தருகிறேன் என்று கீழ்வீட்டுப் போலந்துக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தபோதும் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தக் கை ஆடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது ஆடியபடியே இருக்கட்டும்.

இந்தக் கதிரை முன்பு எங்கள் ஹவுசிங் அசோசியேஷனின் பழைய அலுவலகத்தில், போர்ட் என்கிற நிர்வாகக் குழு கூடும் அறையில் இருந்தது. கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் ஒரு பெண் அதைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தார். அவர் அப்போது கவுன்சிலர். பிறகு பதவி போய்விட்டது, ஆனால் நான் இன்றுவரை அவரைக் கவுன்சிலர் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். "அதான் இல்லையே, இன்னும் எதுக்கு?" என்று அவர் சலித்துக்கொள்வார். வாய் பழகிவிட்டது என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் வேறு எந்தப் பெயரும் அவருக்குப் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது.

நாங்கள் இருப்பது மேற்கு லண்டனில், விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு கூரைக்கு மேலால் இறங்கும் பகுதியில். எங்கள் கட்டடமும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் ஒரு காலத்தில் கவுன்சிலுக்குச் சொந்தமாக இருந்தவை. கவுன்சில் அவற்றை அசோசியேஷனிடம் ஒப்படைத்தபோது, போர்ட்டில் சில இடங்கள் வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு, சில இடங்கள் கவுன்சிலர்களுக்கு, மிச்சம் சட்டம் கணக்கு தெரிந்தவர்களுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். எங்கள் இடத்துக்கு நாங்களே வோட்டுப் போட்டு ஆளைத் தெரிவு செய்வோம். என்னைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அறிவோ படிப்போ இல்லை. விமான நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஷிப்ட் பார்க்கிற எனக்கு, யார் என்ன கேட்டாலும் உடனே மறுமொழி சொல்லும் வாய் இருந்தது. அந்த வாயை எங்களுக்காக அங்கே கொண்டுபோய்த் திற என்று அனுப்பினார்கள்.

அங்கே போனால் முதல் நாளே அதை மூடச் சொன்னார்கள். எங்களுக்குப் பயிற்சி தர வந்தவர் நல்ல மனிதர், பிஸ்கட்டெல்லாம் கொண்டுவந்தார். இந்த அறைக்குள் நீங்கள் குடியிருப்பாளர் இல்லை, நீங்கள் கவுன்சிலர் இல்லை, எல்லோரும் ஒரே போர்ட், எல்லா வீடுகளையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் என் குளியலறைச் சுவரில் பூத்திருந்த பூஞ்சணத்தை எப்படிக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வருவது என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டும் விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அவர்தான் கவுன்சிலர் அம்மா.

தமிழ் முகம். அந்த அறையில் அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஏலாது. தேநீர் நேரத்தில் பக்கத்தில் போய், "நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன். ஆம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். மதுரைப் பக்கம் என்று அதையும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு, பாலை எடுக்கப் போய்விட்டார். கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறேன், பின்னாலிருந்து சுத்தமான தமிழ் வருகிறது. "ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரூமுக்குள்ள நாம ரெண்டு பேரும் தமிழ்ல பேசினா, கூட்டுச் சேர்ந்துட்டாங்கன்னு நினைப்பாங்க. நாளைக்கு நான் நியாயமா ஒண்ணு சொன்னாலும் எடுபடாது." எனக்குக் கோபம் ஆறவில்லை. அன்று மேல்வீட்டு அக்காவிடம் போய், "தமிழைக் காருக்குள்ளை பூட்டி வைச்சிட்டு உள்ளை வாற ஆள்" என்று சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் என் கோபம் பாதி கரைந்தது.

இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அவரால் வந்தது. என் கூடப் பிறந்தவர் இல்லை. எனக்கு மேலே, கட்டடத்தின் கடைசி மாடியில் இருக்கிறவர். சீனி வருத்தத்தால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கரக் கதிரையில் இருந்துகொண்டே வீட்டை ஆளுவார். காலையில் பக்கத்து வீட்டுச் சோமாலிப் பெண் அவருக்குப் பாலும் பாணும் வாங்கிக் கொடுப்பாள். மத்தியானம் நான் சமைத்ததில் ஒரு பங்கு போகும். போலந்துக்காரர் பல்பு மாற்றுவார். அக்கா சும்மா வாங்குகிற ஆளும் இல்லை. கட்டடத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதி அவர் மடியில் நித்திரை கொண்டவை. தாய்மார் வேலைக்கு ஓடும்போது பிள்ளையை அங்கேதான் போடுவார்கள்.

எங்கள் லிஃப்ட் அப்போது சாகக் கிடந்தது. இரண்டு நாள் ஓடும், ஒரு கிழமை படுக்கும். அதற்கான பாகங்களை இப்போது யாரும் செய்வதில்லை என்று திருத்த வருகிறவர்கள் தலையைச் சொறிவார்கள். கடைசியில் ஒரேயடியாக நின்றுபோனது. அக்கா கீழே இறங்குவது ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும்தான், அதுவும் அம்புலன்ஸ்காரர்கள் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். விம்பிள்டனில் கோயில் தேர் என்றால் முன்பு முதல் ஆளாக வெளிக்கிடுகிறவர், இப்போது ஜன்னலில் இருந்து விமானம் எண்ணிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புது லிஃப்டை அடுத்த வருடங்களுக்குத் தள்ளிப் போடுவது, அக்காவுக்குக் கிழக்கு லண்டனில் தரைத்தள வீடு ஒன்று கொடுப்பது. காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. அங்கே போனால் அவருக்குப் படி இல்லை, உண்மைதான். ஆனால் பால் வாங்கிக் கொடுக்கிறவளும் இல்லை, பல்பு மாற்றுகிறவரும் இல்லை, மடியில் போடப் பிள்ளையும் இல்லை. இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் எடுத்து நான் எத்தனை நாள் கறி கொண்டு போவேன்? "என்னை நல்லாப் பாக்கப் போகினமாம், அதுதான் பயமாயிருக்கு" என்றார் அக்கா.

அடுத்த கூட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் கவுன்சிலர் அம்மாவை மறித்தேன். "இஞ்சை தமிழ் கதைக்கலாம்தானே? அப்ப கேளுங்கோ. ஒருக்கா எங்கடை படியிலை ஏறிப் பாருங்கோ. பிறகு உங்கடை நியாயத்தைச் சொல்லுங்கோ." வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே. கடைசி மாடிக்கு வந்து சேர்ந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். படியைப் பற்றி ஒரு சொல் சொல்வார், காலைக் காட்டுவார், அழுவார் என்று நான் காத்திருந்தேன். அக்கா கேட்டது, "காட்ஸ் விளையாடுவீங்களோ? ஒரு கை குறையுது."

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் முந்நூற்றிநாலு நடக்கும். எங்களூர் ஆட்கள் இருக்கிற இடமெல்லாம் இருக்கிற ஆட்டம்தான், நாலு பேர் வேண்டும், எதிரெதிரே இருக்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. அக்கா, நான், சோமாலிப் பெண் மூவரும் நிரந்தரம். நாலாவது கை அந்த நேரம் வீடு மாறிப் போயிருந்தது. கவுன்சிலர் அம்மாவுக்கு ஆட்டம் தெரியாது. லட்சக்கணக்கில் கணக்குப் பார்க்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர், மற்றச் சீட்டுகளை வெட்டுகிற துரும்புச் சீட்டைக் கவிழ்த்து ஒளித்து வைக்க வேண்டும் என்பதை மறந்து மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டார். சோமாலிப் பெண் தலையில் கை வைத்தாள். அடுத்த ஞாயிறு அவர் மறுபடி வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். வரும்போது முறுக்கு கொண்டுவருவார். படியில் ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் நின்று திட்டிக்கொண்டு வருவது எங்களுக்குக் கேட்கும். காட்ஸ் மேசையில் முறைப்பாடு கதைக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். லிஃப்ட் என்ற சொல் அங்கே எழுந்ததே இல்லை.

எழாதது எனக்கு எரிச்சல். அதைவிட எரிச்சல், போர்ட் அறையில் அவர் இன்னும் அதே ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஒரு தட்டில் முறுக்கு எடுத்தவர், திங்கட்கிழமை மேசைக்கு எதிரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரவுசெலவில் கேள்வி கேட்பார். என் பக்கம் திரும்பவும் மாட்டார். இந்த மனுசி எங்கள் தேநீரைக் குடித்துவிட்டு எங்களுக்கு என்ன செய்யப் போகிறது என்று வீட்டில் பொருமியிருக்கிறேன். அக்காவுக்கு அப்படி ஒரு கேள்வியே வந்ததில்லை. "அவ விளையாட வாறா. நீ அவவை வேலைக்கு வைக்கப் பாக்கிறாய்" என்று என்னைத்தான் கடிந்தார்.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. தொடங்கும்போதும் ஒவ்வொரு பெரிய விஷயம் எடுக்கும்போதும் தலைவர், இதில் யாருக்காவது சொந்தச் சம்பந்தம் உண்டா என்று கேட்பார். உங்கள் வீடு, உங்கள் உறவு, உங்கள் நெருங்கிய சிநேகம் அதில் இருந்தால் சொல்லிவிட்டு அறைக்கு வெளியே போய்விட வேண்டும். முடிவு எடுத்தபின் கூப்பிடுவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் பழகிப் பழகி, கோயிலில் தீபம் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி ஆகிவிட்டது. தலைவர் கேட்பார், எல்லோரும் காகிதத்தைப் பார்த்தபடி இல்லை என்று தலையாட்டுவார்கள். உண்மையில் வெளியே போகிறவர்கள் நாங்கள்தான். மற்றவர்கள் எங்கள் கட்டடங்களில் குடியிருப்பதில்லையே.

அந்தக் கார்த்திகை மாலை லிஃப்ட் விஷயம் வந்தது. லிஃப்டைத் தள்ளிப் போட்டு அக்காவை மாற்றுவதா, வேண்டாமா என்று வோட்டு. தலைவர் கேட்டார். நான் எழும்பி, அது என் கட்டடம் என்று சொன்னேன். தலைவர் மரியாதையாகக் கதவைக் காட்டினார். அந்த லிஃப்டின் ஒவ்வொரு முனகலும் தெரிந்த ஒரே ஆள் நான், நான் வெளியே. லிஃப்டைக் கண்ணாலும் காணாதவர்கள் உள்ளே. என்னோடு தெரிவான இன்னொரு குடியிருப்பாளர், ஓய்வு பெற்ற தபால்காரர், ஜமேக்காவில் பிறந்தவர், நான் போகும்போது என் கையைத் தட்டிக் கொடுத்தார். கவுன்சிலர் அம்மா நிமிரவில்லை. இன்னொரு கவுன்சிலர் உண்டு, வழக்கம்போல வரவில்லை.

கொரிடோரில் போட்டோகொப்பி மெஷினுக்கும் தண்ணீர் மெஷினுக்கும் இடையில் நின்றேன். இருக்க ஒன்றுமில்லை. எனக்கு அன்று விடியற்காலை ஷிப்ட், நேரே அங்கிருந்து வந்தவள். கால் இரண்டும் கழன்று விழும் போலிருந்தது. கதவுக்கு அப்பால் குரல் கேட்கும், சொல் கேட்காது. அக்காவை எப்படி முகம் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. முதலில் ஒரு கதிரை வந்தது. அதன் கை கதவு நிலையில் படாரென்று இடிபட்டது. பின்னால் கவுன்சிலர் அம்மா.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கொரிடோர் என்றும் பாராமல் கத்தினேன். "நீங்களும் வெளியிலை வந்திட்டியள் எண்டா உள்ளுக்கை ஆர் கதைக்கிறது? இருந்த ஒரு வோட்டும் போச்சு!"

அவர் கதிரையைச் சுவரோடு வைத்தார். "முதல்ல உட்காருங்க. காலைல இருந்து நின்னுட்டேதான இருக்கீங்க."

என் ஷிப்ட் அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்ஸ் போடும்போது நான் சோமாலிப் பெண்ணோடு புலம்பியதைக் கேட்டு நினைவில் வைத்திருந்தார் என்பது பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் இருந்துவிட்டேன், கால் கேட்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து நின்றார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கும் சம்பந்தம் இருக்கு. சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார், அவ்வளவுதான். கைகளைக் கட்டிக்கொண்டு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவித்தலைப் படிக்கத் தொடங்கினார். முதல் தடவையாக அந்த அலுவலகக் கட்டடத்துக்குள் என்னோடு தமிழில் பேசியிருந்தார். அதையும் நான் பிறகுதான் கவனித்தேன்.

உள்ளே நடந்ததைத் தபால்காரர் சொல்லித்தான் அறிந்தேன். தலைவர் வோட்டுக்கு விடப் போன நேரம் கவுன்சிலர் அம்மா எழும்பினாராம். அந்தக் கட்டடத்தின் கடைசி மாடியில் இருப்பவர் என் நெருங்கிய சிநேகிதி, ஒவ்வொரு ஞாயிறும் அவர் வீட்டில் காட்ஸ் விளையாடுகிறேன் என்றாராம். காட்ஸ் விளையாடுவதெல்லாம் ஒரு சம்பந்தமா என்று வழக்கறிஞர் ஒருவர் சிரித்தாராம். "விளையாட்டு விளையாட்டுத்தான். ஆனால் அவரை வேறு இடத்துக்கு அனுப்பினால் நான் அழுவேன். அப்படியிருக்க நான் எப்படி இதில் வோட்டுப் போடுவது?" என்று கேட்டுவிட்டுக் கதிரையைத் தூக்கினாராம்.

கதவு மூடியபின்தான் அசோசியேஷனின் செயலாளர் நெற்றியில் அடித்துக்கொண்டாராம். கவுன்சில் வீடுகளை ஒப்படைத்த காலத்து ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. குடியிருப்பாளர் ஒருவராவது, கவுன்சிலர் ஒருவராவது அறையில் இல்லாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. தபால்காரர் இருந்தார். கவுன்சிலர் எவரும் இல்லை. எல்லோரும் அந்த விதியை மறந்துபோயிருந்தார்கள், ஒருவரைத் தவிர. முதல் ஞாயிறு துரும்பை நிமிர்த்தி வைத்த மனுசி, அதற்குள் கவிழ்த்து வைக்கப் படித்துவிட்டார்.

விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போனது. எங்களை உள்ளே கூப்பிட்டபோது அவர் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இதைத் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் பேசக் கூடாது. சரி, பேசவில்லை. தெரியாதவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தக் கட்டடத்தில் வைக்கலாமே." தலைவர் பொல்லாதவர் இல்லை, பயந்த மனிதர். காசுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நித்திரை இல்லாதவர். சரி என்றார்.

அப்படித்தான் ஒரு தை மாதத்து ஈரமான சனிக்கிழமை, எங்கள் போர்ட் எங்கள் படியில் ஏறியது. அன்று இன்னொரு கவுன்சிலரும் தவறாமல் வந்திருந்தார், வரவைத்திருந்தார்கள். நானும் கவுன்சிலர் அம்மாவும் வாசலில் வணக்கம் சொல்லிவிட்டு, வழக்கத்தின்படி விலகி, அவருடைய காரில் போய் இருந்தோம். ஹீட்டர் போட்டும் கண்ணாடியில் ஆவி படிந்தது. நான் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து மேல் ஜன்னலைப் பார்த்தேன். அவர் கைப்பையில் இருந்து முறுக்கை எடுத்து நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "இதெல்லாம் தெரிஞ்சுதான் அண்டைக்கு வெளியிலை வந்தனீங்களோ? இல்லாட்டி உண்மையாவே மனச்சாட்சியோ?" என்று கேட்டேன். முறுக்குப் பையை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். "ரெண்டுந்தான். அந்த விதி இல்லைன்னாலும் வெளிய வந்திருப்பேன். அப்போ தோத்திருப்போம்" என்றார்.

மேலே நடந்ததையும் தபால்காரர்தான் சொன்னார். தலைவர் மூன்றாவது மாடித் தட்டில் படியிலேயே இருந்துவிட்டாராம். சோமாலிப் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அக்காவின் முன் அறையில் இடம் போதாமல், கணக்காளர் கட்டில் ஓரத்தில் இருந்தாராம். எல்லோருக்கும் வடையும் தேநீரும். கிழக்கில் பார்த்திருக்கிற வீடு நல்ல வீடு, தோட்டமும் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் எனக்கு அதையே தமிழில் சொன்னார். "நான் கீழை போக மாட்டன் எண்டு சொல்லேல்லை. போனால் திரும்பி என்ரை வீட்டை வரவேணும். அவ்வளவுதான் கேட்டனான்."

அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை, ஆங்கிலேய முகங்கள். தலைவர் மழையில் குடையை விரிக்காமலே எங்கள் காருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார். புது லிஃப்ட் இந்த வருடமே போடுகிறோம், இனி வீடு மாற்றப் பேச்சில்லை என்றார். பிறகு, வடை மிகவும் நன்றாக இருந்தது என்று சேர்த்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் பார்த்தால் கவுன்சிலர் அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானை இல்லாததால் கோட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் வந்த நாள் அக்கா கீழே இறங்கினார். வாசல் வரைக்கும் போய், தெருவைப் பார்த்துவிட்டு, பொத்தானை அமத்தி மேலே திரும்பினார். பிறகு மறுபடி இறங்கினார். திரும்பவும் ஏறினார். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்ட பிள்ளைகளுக்கு, "ஒரு இடமும் இல்லை, போய் வாறன்" என்றார். அந்த வருடம் தேருக்குப் போனார்.

கவுன்சிலர் அம்மாவுக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விட முடியாது. யாரோ முறைப்பாடு எழுதினார்கள். தமிழ்க் கவுன்சிலர் தன் ஆட்களுக்கு லிஃப்ட் போட்டுக் கொடுத்தார் என்று. முதல் நாள் கார் நிறுத்துமிடத்தில் எதற்குப் பயந்தாரோ, எதற்காக ஒவ்வொரு கூட்டத்திலும் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாரோ, அதே பேச்சு. விசாரித்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, போக வேண்டிய நேரத்தில் வெளியே போயிருக்கிறார், பிழை ஒன்றுமில்லை என்று முடித்தார்கள். ஆனால் அடுத்த முறை கவுன்சில் போர்ட்டுக்கு ஆள் அனுப்பியபோது அவர் பெயர் இல்லை. பிறகு வந்த தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவும் இல்லை. நான் கொதித்துப்போய் அவரிடம் போனேன். "விடுங்க. நான் ஒளிச்சு வெச்சு ஒரு வோட்டுப் போட்டிருந்தா அதுதான் தப்பு. இப்போ யாரு கேட்டாலும் சொல்லிக்கலாம், அவங்க என் சிநேகிதின்னு" என்றார். அந்த ஞாயிறு வழக்கம்போல முறுக்கோடு வந்தார். அவருக்கு அது வலிக்கவில்லை என்று நான் நம்பவில்லை. அவர் காட்டிக்கொள்ளவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை.

பழைய அலுவலகத்தை மூடியபோது சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்றார்கள். ஆட்கள் அலுமாரி, மேசை என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். நான் நீலக் கதிரைகளை வரிசையாக ஆட்டிப் பார்த்து, கை ஆடுகிற ஒன்றைக் கண்டுபிடித்தேன். அன்றைக்குக் கதவு நிலையில் இடிபட்டது அதுதான். தபால்காரர் தன் காரில் ஏற்றித் தந்தார். நல்லதை விட்டுவிட்டு உடைந்ததை எடுக்கிறாயே என்று வழி முழுக்கச் சிரித்தார்.

இப்போது எங்கள் கூட்டங்களில் பாதி கம்ப்யூட்டரில்தான். நான் சமையலறை மேசையில் திரையை வைத்துக்கொண்டு இருப்பேன். சம்பந்தம் உண்டா என்று கேட்பார்கள், உண்டு என்றால் எங்கேயோ ஒருவர் ஒரு பொத்தானை அமத்துவார், முகங்கள் எல்லாம் மறைந்து, காத்திருங்கள் என்று ஒரு வெற்றுத் திரை வரும். கொரிடோரும் இல்லை, தண்ணீர் மெஷினும் இல்லை. போன மாதம் எங்கள் கட்டடத்துக் கூரை விஷயம் வந்தது. சொன்னேன், அனுப்பிவிட்டார்கள். இப்போது வார நாட்களிலும் காட்ஸ் உண்டு, அன்று அதற்கென்று கவுன்சிலர் அம்மா முன்னதாகவே வந்திருந்தார். முழங்கால் இரண்டும் அவருக்குப் போய்விட்டது, பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார். படி ஏற டாக்டர் விடமாட்டார். எங்கள் லிஃப்டில்தான் ஏறி வருகிறார், பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு அதிலேயே அக்காவிடம் போவார்.

"வெளிய அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஓம். அண்டைக்கு நீங்கள் ஒரு உண்மையை மறைச்சுப்போட்டியள். இந்த லிஃப்டாலை உங்களுக்கும் லாபம் இருக்கெண்டு சொல்லேல்லையே" என்றேன்.

அவர் சிரித்தபடி கையால் மேசையைத் தடவி இருக்க இடம் பார்த்தார். நான் எழும்பி நீலக் கதிரையை அவர் பக்கம் இழுத்துவிட்டேன். ஆடுகிற கையைப் பிடித்தபடி மெல்ல இருந்தார். மற்றக் கதிரைகள் எல்லாம் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் எனக்கு இருக்கத் தோன்றவில்லை. உள்ளே என்ன முடிவு வந்தாலும் வரட்டும் என்று, ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, அவரோடு வெளியே நின்றேன்.